எல்டன் ரிங்கில் பில்டு தேர்ந்தெடுப்பது எப்படி: ஆயுதத்தில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

எல்டன் ரிங் வீடியோ கேமில் லெவல் 45. கையில் இருக்கும் வாள் +2, அதாவது இரண்டே படி உயர்த்தப்பட்டது. வீரரின் திறனைச் சொல்லும் எட்டு ஸ்டாட்டில் ஆறுக்குப் புள்ளிகள் தூவப்பட்டிருக்கும். உயிரைக் கூட்டும் விகர் மட்டும் 15-இலேயே நிற்கும். "என் பில்டு ஏன் அடிக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டு வருபவர்களின் ஸ்டேட்டஸ் திரையைத் திறந்தால் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறேன். தனக்குக் கை வேகம் போதவில்லை என்று அவர்கள் நொந்துகொண்டிருப்பார்கள். உண்மையில் கையில் ஒரு குறையும் இல்லை. செய்த வேலைகளின் வரிசைதான் தவறு.

ஆயுதம், ஸ்டாட், கவசம் எல்லாம் சேர்ந்த அமைப்புதான் பில்டு. ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பற்றியது. முதலில் ஆயுதம், அப்புறம் கிளாஸ் (தொடங்கும் வீரர் வகை), அதன்பின் உயிர், கடைசியில்தான் டேமேஜ். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

## தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஸ்டாட்டுகள் எட்டு. விகர் உயிரையும், மைண்ட் மந்திரத்துக்கான ஆற்றலான எஃப்.பி.யையும், என்ட்யூரன்ஸ் ஸ்டாமினாவோடு சுமக்கும் எடையையும் கூட்டும். மீதி ஐந்தும் டேமேஜுக்கானவை: ஸ்ட்ரென்த், டெக்ஸ்டெரிட்டி, இன்டெலிஜென்ஸ், ஃபெயித், ஆர்கேன்.

ஒரு லெவலுக்கு ஒரே ஒரு புள்ளி. உங்கள் எட்டு ஸ்டாட்டையும் கூட்டி 79-ஐக் கழித்தால் வருவதுதான் உங்கள் லெவல். எந்தக் கிளாஸாக இருந்தாலும் இதே கணக்கு. இது ஏன் முக்கியம் என்பது மூன்றாம் படியில் புரியும்.

இன்னொன்று, ஒரு துண்டுத் தாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. கீழே வரும் எண்களை எழுதி வைத்தவர்கள் பாதியில் குழம்பி நான் பார்த்ததில்லை.

## 1. எந்தத் தூரத்தில் நின்று சண்டை போடப் போகிறீர்கள்?

"ஸ்ட்ரென்த் பில்டா, டெக்ஸ் பில்டா?" என்பது முதல் கேள்வி அல்ல. எதிரிக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்க உங்களுக்குத் தைரியம் இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

பாஸின், அதாவது பெரிய எதிரியின், காலடியிலேயே நின்று, உருண்டு, இடைவெளி கிடைக்கும்போது ஒரே பெரிய அடி போடுவது பிடிக்கும் என்றால் கனமான வாள், சுத்தியல் பக்கம் போங்கள். சின்னச் சின்ன இடைவெளியில் இரண்டு மூன்று வெட்டு போட்டுவிட்டு நகர்வது பிடிக்கும் என்றால் கட்டானா போன்றவை. தூரத்திலிருந்து அடிக்க வேண்டும் என்றால் மந்திரம். மந்திரவாதிக்கும் எதிரி பக்கத்தில் வரத்தான் செய்வான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இதை முதலில் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பாஸிடம் இருபது முறை சாகும்போது உங்களைத் தாங்குவது அந்த ஆயுதத்தின் அசைவு உங்கள் கைக்குப் பழகியிருப்பதுதான். காகிதத்தில் பத்து சதவீதம் கூடுதல் டேமேஜ் தரும் ஆயுதம், உங்கள் தாளத்துக்கு ஒத்து வராவிட்டால் ஒன்றுக்கும் உதவாது.

## 2. ஆயுதத்தைத் தேர்ந்தெடுத்து, அது கேட்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு ஆயுதமும் சில குறைந்தபட்ச ஸ்டாட்டுகளைக் கேட்கும். அவை இல்லாவிட்டால் டேமேஜ் படுமோசமாகக் குறையும், அதன் சிறப்புத் திறனும் வேலை செய்யாது.

சில உதாரணங்கள்:

- கிளேமோர்: ஸ்ட்ரென்த் 16, டெக்ஸ் 13
- உச்சிகட்டானா: ஸ்ட்ரென்த் 11, டெக்ஸ் 15
- கிரேட்சோர்டு: ஸ்ட்ரென்த் 31, டெக்ஸ் 12
- மூன்வெயில்: ஸ்ட்ரென்த் 12, டெக்ஸ் 18, இன்டெலிஜென்ஸ் 23

ஆயுதத்தை இரண்டு கையால் பிடித்தால் ஸ்ட்ரென்த் ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும். ஆகவே கிரேட்சோர்டு கேட்பது 31 ஆனாலும், இரண்டு கையால் தூக்க 21 போதும். பத்து லெவல் மிச்சம். புதியவர்கள் இதைத் தெரியாமல் 31 வரை ஏற்றிவிட்டு, அப்புறமும் இரண்டு கையாலேயே பிடித்துச் சுற்றுவார்கள். பார்க்கவே வயிறு எரியும்.

ஆயுதம் எங்கே கிடைக்கும் என்பதையும் பாருங்கள். கிளேமோர் வீப்பிங் பெனின்சுலாவின் கேஸில் மோர்னில் இருக்கிறது, ஆரம்பத்திலேயே எடுத்துவிடலாம். மூன்வெயிலுக்கு கேலிட் பகுதியின் கேல் டன்னலில் ஒரு மாக்மா விர்மை வீழ்த்த வேண்டும். ஆட்டத்தின் கடைசியில் கிடைக்கும் ஆயுதத்தை நம்பி முழு ஆட்டத்துக்கும் பில்டு போட்டால், நடுவில் நாற்பது மணி நேரம் உங்களுக்கு ஆயுதமே இல்லை என்று பொருள்.

வீடியோ பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பில்டு எந்த லெவலில் காட்டப்படுகிறது, எந்தப் பேட்சில் (கேமின் திருத்தப் பதிப்பில்) எடுக்கப்பட்டது என்று பாருங்கள். 2022 மார்ச்சில் வந்த 1.03 பேட்ச், அதுவரை எல்லோரும் தூக்கிச் சுமந்த ஹோர்ஃப்ராஸ்ட் ஸ்டாம்ப் என்ற திறனையும் சோர்டு ஆஃப் நைட் அண்ட் ஃப்ளேம் என்ற வாளையும் ஒரே நாளில் மட்டுப்படுத்தியது. பழைய வீடியோக்கள் இன்றும் அப்படியே கிடக்கின்றன. லெவல் 150-இல் ஒரே அடியில் பாஸை வீழ்த்துகிறவரின் எண்கள், லெவல் 30-இல் இருப்பவருக்கு எந்த வழியையும் காட்டாது.

## 3. இப்போதுதான் கிளாஸ்

கதாபாத்திரத்தை உருவாக்கும் திரையில் கிளாஸ்தான் முதலில் வரும். அதனால்தான் எல்லோரும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். நீங்கள் ஆயுதத்தைத் தாளில் எழுதிவிட்டு அந்தத் திரைக்குப் போங்கள்.

கிளாஸ் உங்களை எந்த வழியிலும் பூட்டாது. சாமுராயும் மந்திரம் போடலாம். வேறுபடுவது, உங்களுக்குத் தேவைப்படாத ஸ்டாட்டில் எத்தனை புள்ளி முடங்கிக் கிடக்கிறது என்பதுதான்.

மூன்வெயிலையே எடுத்துக்கொள்வோம். சாமுராய் லெவல் 9-இல் தொடங்குகிறார். டெக்ஸ் 15, இன்டெலிஜென்ஸ் 9. ஸ்ட்ரென்த் 12 சரியாக இருக்கிறது. மீதிக்கு 17 புள்ளி தேவை, ஆகவே லெவல் 26-இல்தான் கையில் பிடிக்க முடியும். பிரிசனரும் லெவல் 9-தான், ஆனால் டெக்ஸ் 14, இன்டெலிஜென்ஸ் 14. அவருக்கு 14 புள்ளி போதும், லெவல் 23. மூன்று லெவல்தான் வித்தியாசம். "கட்டானா என்றாலே சாமுராய்" என்று பெயரைப் பார்த்து எடுத்தால் போகும் மூன்று லெவல் அது.

சில நேரம் வித்தியாசமே இருக்காது. கிளேமோருக்கு வேகபாண்டும் ஹீரோவும் இருவருமே லெவல் 11-இல் தயாராகிவிடுவார்கள். ஆனால் ஹீரோவிடம் ஆர்கேன் 11 சும்மா கிடக்கும். வேகபாண்டிடம் அது 7-தான், விகரும் ஒரு புள்ளி கூடுதல். நான் வேகபாண்டை எடுப்பேன்.

ரெட்ச் கிளாஸைப் புதியவர்கள் தொட வேண்டாம். எல்லா ஸ்டாட்டும் 10, லெவல் 1. "எந்தப் பக்கமும் போகலாமே" என்று தோன்றும். எல்லாக் கிளாஸும் எந்தப் பக்கமும் போகலாம். ரெட்ச் மட்டும் வெறும் உடம்போடு ஒரு தடியைத் தூக்கிக்கொண்டு போகும்.

இன்னும் முடிவுக்கு வர முடியவில்லையா? சாமுராயை எடுங்கள். நல்ல கவசம், ஒரு வில், ரத்தக் கசிவு ஏற்படுத்தும் உச்சிகட்டானா எல்லாம் கையிலேயே வரும். பத்து மணி நேரம் விளையாடியபின் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்துவிடும்.

## 4. ஆயுதம் கேட்டதைக் கொடுத்தாயிற்றா? நிறுத்திவிட்டு விகர்

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஆயுதத்தைத் தூக்க முடிந்ததும் "இன்னும் கொஞ்சம் டேமேஜ்" என்று அதே ஸ்டாட்டிலேயே போட்டுக்கொண்டு போவார்கள்.

கணக்கைப் பாருங்கள். விகர் 15-இல் உயிர் 522. 25-இல் 800. 40-இல் 1450. 60-இல் 1900. 99-இல் 2100.

25-இலிருந்து 40 வரை ஒவ்வொரு புள்ளிக்கும் சராசரியாக 43 உயிர் கிடைக்கிறது. 40-லிருந்து 60 வரை அது 22 அளவுக்கு இறங்குகிறது. 60-ஐத் தாண்டினால் வெறும் ஐந்துதான். இப்படி வரவு சட்டென்று குறையும் இடத்தைத்தான் சாஃப்ட் கேப் என்கிறார்கள். விகருக்கு 40-உம் 60-உம்.

ஆகவே லெவல் 50-ஐ நெருங்கும்போது விகர் 30-ஐயும், லெவல் 90 வாக்கில் 40-ஐயும் தொட்டிருக்க வேண்டும். ஆட்டத்தின் பின்பாதியில் 50, 60 என்று போகலாம்.

இங்கே காரணம் வெறும் பாதுகாப்பு மட்டும் அல்ல. ஒரே அடியில் செத்தால் பாஸின் அடுத்த அசைவை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். இரண்டு அடி தாங்கினால் பார்ப்பீர்கள், அடுத்த முறை தப்பிப்பீர்கள். விகர் போடுவது கோழைத்தனம் என்று சொல்பவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம். அவர்கள் அந்தப் பாஸை ஏற்கெனவே ஐம்பது முறை பார்த்தவர்கள்.

## 5. லெவலை விட ஆயுதத்தை உயர்த்துங்கள்

கிளேமோரின் அடிப்படை டேமேஜ் 138. +25 ஆக்கினால் 338. ஸ்டாட்டில் ஒரு புள்ளிகூடக் கூட்டாமல் இரண்டரை மடங்கு. ஆரம்பத்தில் பத்து லெவல் ஏற்றினாலும் இதன் பக்கத்தில் வராது. "அடிக்கவே மாட்டேங்குது" என்பதற்குப் பத்தில் எட்டு முறை விடை இங்கேதான் இருக்கிறது.

ஆயுதங்கள் இரண்டு வகை. ஸ்மிதிங் ஸ்டோன் என்ற சாதாரணக் கல்லில் உயர்வது +25 வரை போகும். சோம்பர் ஸ்மிதிங் ஸ்டோனில் உயரும் தனித்தன்மையான ஆயுதங்கள் +10 வரை. சோம்பரில் +10 என்பது மற்றதில் +25-க்குச் சமம். எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்: +4 மூன்வெயில், +4 உச்சிகட்டானாவை விட வெகுதூரம் முன்னால் இருக்கிறது.

சர்ச் ஆஃப் எல்லேயில் இருக்கும் மேசையில் +3 வரைதான் முடியும். அதற்கு மேல் ரவுண்ட்டேபிள் ஹோல்டில் இருக்கும் கொல்லர் ஹியூக்கிடம் போக வேண்டும். +3-க்கு முதல் வகை ஸ்மிதிங் ஸ்டோன் 2, 4, 6 என்று மொத்தம் பன்னிரண்டு. லிம்கிரேவ் டன்னல்ஸ் சுரங்கத்துக்கு ஒரு நடை போய்வந்தால் பெரும்பகுதி தேறிவிடும்.

கல்லை ஒரே ஆயுதத்தில் போடுங்கள். என் முதல் ஆட்டத்தில் நான் மூன்று ஆயுதத்தில் பங்கு வைத்தேன்: மூன்றும் +6, மூன்றும் சுமார். ஆசை தாங்கவில்லை என்றால் ரயா லுகாரியா கிரிஸ்டல் டன்னலின் பாஸை முடித்துவிட்டு வாருங்கள். அவரிடம் கிடைக்கும் பெல் பேரிங்கை ரவுண்ட்டேபிள் ஹோல்டின் கடைக்காரர்களான ட்வின் மெய்டன் ஹஸ்க்ஸிடம் கொடுத்தால் முதல் இரண்டு வகைக் கல்லைக் காசுக்கு, அதாவது ரூனுக்கு, வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் எத்தனை ஆயுதத்தை வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம்.

## 6. எடையைப் பாருங்கள், கவசத்தின் அழகை அல்ல

சுமக்கும் எடை, உச்ச வரம்பில் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 70-ஐத் தொட்டாலே உருளல் கனமாகி, மெதுவாகி, அடி வாங்கித் தரும். 30-க்குக் கீழே போனால் உருளல் நீளமாகும். ஆனால் அதற்காகக் கவசத்தைக் கழற்றுவது புதியவர்களுக்கு லாபமில்லை.

ஏற்பாட்டுத் திரையிலேயே 'மீடியம் லோடு' என்று எழுதியிருக்கும். புதிய கவசம் மாட்டும் ஒவ்வொரு முறையும் அதை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். தாண்டினால் முதலில் பயன்படுத்தாத இரண்டாவது ஆயுதத்தைக் கழற்றுங்கள். அதுவும் எடையில் சேர்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதற்குப் பிறகும் போதாவிட்டால்தான் என்ட்யூரன்ஸ்.

## 7. இப்போது டேமேஜ் ஸ்டாட், ஒன்றே ஒன்று

ஆயுதத்தின் விவரத்தில் ஒவ்வொரு ஸ்டாட்டுக்கும் எதிரே ஒரு எழுத்து இருக்கும். எஸ் மிகச் சிறந்தது, பிறகு ஏ, பி, சி, டி, இ என்று இறங்கும். அந்த ஸ்டாட் கூடும்போது ஆயுதத்தின் டேமேஜ் எவ்வளவு கூடும் என்பதைத்தான் அது சொல்கிறது. இதுதான் ஸ்கேலிங்.

எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். ஓய்வெடுக்கும் இடமான சைட் ஆஃப் கிரேஸில் லெவல் ஏற்றும் திரையில், உறுதி செய்வதற்கு முன், ஸ்ட்ரென்தில் ஒரு புள்ளி கூட்டிப் பாருங்கள். ஆயுதத்தின் தாக்குதல் எண் பக்கத்திலேயே மாறும். அதைக் குறைத்துவிட்டு டெக்ஸில் கூட்டிப் பாருங்கள். எது அதிகம் தருகிறதோ அதுதான் உங்கள் ஸ்டாட். அரை நிமிடச் சோதனை. எந்த வீடியோவும் உங்கள் ஆயுதத்தைப் பற்றி இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

சாதாரண ஆயுதங்களின் ஸ்கேலிங்கை ஒரு பக்கம் சாய்க்கவும் முடியும். கேட்ஃப்ரண்ட் ரூயின்ஸில் வெட்ஸ்டோன் நைஃபை எடுத்தால் ஆயுதத்துக்குச் சிறப்புத் திறன் தரும் ஆஷ் ஆஃப் வார்களைப் பொருத்தலாம். ஸ்டார்ம்வெயில் கேஸிலில் அயர்ன் வெட்பிளேடை எடுத்தால் ஹெவி, கீன், குவாலிட்டி என்ற மூன்று அஃபினிட்டிகளும் திறக்கும். ஹெவி ஸ்ட்ரென்துக்கு, கீன் டெக்ஸுக்கு. குவாலிட்டி இரண்டையும் கேட்கும். இரண்டையும் 40-க்கு ஏற்றாமல் அதன் பக்கம் போவது வீண், ஆகவே முதல் ஆட்டத்தில் விட்டுவிடுங்கள். சோம்பர் ஆயுதங்களில் இந்த அஃபினிட்டி மாற்றம் கிடையாது.

தீ, மின்னல் என்று பூசும் கிரீஸ்களைப் பயன்படுத்துபவர்கள் ஹெவி, கீன், குவாலிட்டியிலேயே இருங்கள். மேஜிக், ஃபயர் போன்ற அஃபினிட்டி ஏற்றிய ஆயுதத்தில் கிரீஸ் ஒட்டாது.

ஸ்ட்ரென்த்காரர்களுக்கு 54 ஒரு நல்ல நிறுத்தம். இரண்டு கையால் பிடித்தால் அது 81 ஆகிறது. ஸ்ட்ரென்தின் கடைசி சாஃப்ட் கேப் 80. அதற்கு மேல் போடும் புள்ளிகள் விகரில் இருந்தால் இன்னும் நன்றாக உழைக்கும்.

## 8. மந்திரவாதிகளுக்கு மட்டும்

உங்கள் ஆயுதம் மந்திரம் அல்ல, அதை ஏவும் கோல். கோலின் ஸ்கேலிங்தான் மந்திரத்தின் டேமேஜைத் தீர்மானிக்கிறது.

ஆஸ்ட்ராலஜர் கிளாஸ் இன்டெலிஜென்ஸ் 16-இல் தொடங்குகிறது. 18 ஆக்கிவிட்டு, கேலிட்டின் ஏயோனியா சதுப்பில் இருக்கும் ஸ்ட்ரீட் ஆஃப் சேஜஸ் ரூயின்ஸுக்குக் குதிரையில் ஓடுங்கள். மீட்டியோரைட் ஸ்டாஃபும் ராக் ஸ்லிங் மந்திரமும் அங்கேயே கிடைக்கும், இரண்டுக்கும் 18 போதும். அந்தக் கோலை உயர்த்த முடியாது, ஆனால் தொடக்கத்திலிருந்தே எஸ் ஸ்கேலிங். ராக் ஸ்லிங் உடல்வகை டேமேஜ் என்பதால் மந்திரத்தைத் தாங்கும் எதிரிகளிடமும் எடுபடும்.

ஃப்ளாஸ்க் பங்கீட்டை மறப்பது இவர்களின் வழக்கமான தவறு. உயிர் தரும் சிவப்பும் எஃப்.பி. தரும் நீலமும் எத்தனை என்பதை சைட் ஆஃப் கிரேஸில் மாற்றலாம். எஃப்.பி. தீர்ந்துபோகிறது என்று மைண்டில் பத்துப் புள்ளி கொட்டுவதற்கு முன் இரண்டு ஃப்ளாஸ்கை நீலத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

விகர் இவர்களுக்கும் உண்டு. ஆஸ்ட்ராலஜரின் தொடக்க விகர் 9. கோழிக்குஞ்சு.

## 9. ஒரு முழு உதாரணம்

வேகபாண்ட், கிளேமோர், இரண்டு கைப் பிடி.

லெவல் 9-இலிருந்து, தேவைப்பட்டால் ஒரு கையாலும் பிடிக்கும்படி, ஸ்ட்ரென்த் 14-ஐ 16 ஆக்கினால் லெவல் 11. டெக்ஸ் 13 ஏற்கெனவே இருக்கிறது, இனி அதைத் தொட வேண்டாம்.

விகர் 15-இலிருந்து 30. லெவல் 26. இதற்குள் ஆயுதம் குறைந்தது +6 ஆகியிருக்க வேண்டும். இல்லை என்றால் லெவலை நிறுத்திவிட்டுச் சுரங்கங்களுக்குப் போங்கள்.

என்ட்யூரன்ஸ் 11-இலிருந்து 18. லெவல் 33. நடுத்தரக் கவசத்தை இப்போது நிம்மதியாக மாட்டலாம். அயர்ன் வெட்பிளேடும் கைக்கு வந்திருந்தால் கிளேமோரை ஹெவி ஆக்குங்கள்.

ஸ்ட்ரென்த் 16-இலிருந்து 33. லெவல் 50.

அங்கிருந்து விகர் 40, ஸ்ட்ரென்த் 54, என்ட்யூரன்ஸ் 25. மூன்றையும் மாறி மாறி ஏற்றுங்கள், எந்தப் பாஸிடம் எதனால் சாகிறீர்கள் என்பதைப் பொறுத்து. லெவல் 88-இல் இது முடிந்துவிடும். இன்டெலிஜென்ஸ், ஃபெயித், ஆர்கேன் மூன்றிலும் இதுவரை ஒரு புள்ளிகூடப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

## 10. மனம் மாறினால்

ரயா லுகாரியா அகாடமியில் ரென்னாலா என்ற பாஸை வென்றபின், அவரிடம் லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்தால் எல்லாப் புள்ளிகளையும் திரும்ப எடுத்து வேறு மாதிரி போடலாம். இதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். ஆனால் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

லார்வல் டியர் ஓர் ஆட்டத்தில் எண்ணிக்கைக்கு உட்பட்டதுதான், ஆகவே ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு முறை மாற்றாதீர்கள். தொடக்கக் கிளாஸின் எண்களுக்குக் கீழே எந்த ஸ்டாட்டையும் இறக்க முடியாது. ஹீரோவின் அந்த ஆர்கேன் 11 கடைசி வரை கூடவே வரும். அப்புறம், ஆயுதத்தில் போட்ட கற்கள் திரும்பி வராது. புதிய ஆயுதத்தை முதலில் உயர்த்தி வைத்துவிட்டு ரென்னாலாவிடம் போங்கள். வரிசை மாறினால் பலமான உடம்போடும் +0 வாளோடும் வெளியே வருவீர்கள்.

தாலிஸ்மன் (தாயத்து) போட்டிருந்தால் மாற்றுவதற்கு முன் கழற்றிவிடுங்கள். ராடகன்ஸ் சோர்சீல் விகர், என்ட்யூரன்ஸ், ஸ்ட்ரென்த், டெக்ஸ் நான்கிலும் ஐந்து ஐந்து கூட்டிக் காட்டும், வாங்கும் அடியையும் சேர்த்துக் கூட்டும். அந்தக் கூடுதலை நம்பி ஆயுதத்தின் தேவையைக் கணக்கிட்டால், அதைக் கழற்றும் நாளில் வாள் கையில் நிற்காது.

ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ விரிவாக்கத்துக்குள் போகிறவர்கள் அங்கே அடி அதிகமாக விழுகிறது என்று உடனே ரென்னாலாவிடம் ஓடி வருகிறார்கள். அங்கே பில்டை மாற்றும் முன் ஸ்கேடுட்ரீ ஃப்ராக்மென்ட்டுகளைத் தேடுங்கள். அந்த நிலத்தில் நீங்கள் அடிப்பதும் தாங்குவதும் அவை தரும் ஆசியால்தான் உயரும். அது 20 வரை போகும், பெரும்பாலும் இவர்கள் 2-இல் நின்றுகொண்டிருப்பார்கள்.